ஆட்டோ பிடிக்காமல் 30 கிலோமீட்டர்: முதல் லாங் ரன்னுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில், அதாவது ஈசிஆரில், அக்கரை என்ற இடத்துக்குப் பக்கத்தில் கை காட்டி ஓர் ஆட்டோவை நிறுத்தினேன். தலையிலிருந்து ஷூ வரை நனைந்திருந்தேன், ஆனால் மழை பெய்யவில்லை. ஓட்டுநர் தன் துண்டை எடுத்து சீட்டில் விரித்தார். "உக்காருங்க சார். காலங்காத்தால யாரு உங்களத் தொரத்துனது?" என்று கேட்டார்.

யாரும் துரத்தவில்லை. நான்தான் ஐந்து பேரைத் துரத்திக்கொண்டு போயிருந்தேன். அன்றைக்கு 26 கிலோமீட்டர் ஓடுவதாக ஏற்பாடு. திருவான்மியூரில் ஆரம்பித்து உத்தண்டி வரை போய்த் திரும்ப வேண்டும். கிளம்பிய இடத்தில் ஒரு குழு நின்றிருந்தது, அவர்களோடு ஒட்டிக்கொண்டேன். அவர்கள் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 50 நொடியில் போனார்கள். என்னுடைய 10 கிலோமீட்டர் பந்தய வேகமே அவ்வளவுதான். முதல் பத்து ஜோராக இருந்தது. திரும்பும்போது 15-இல் தொடை இறுகியது, 17-இல் நின்றேவிட்டேன். கையில் தண்ணீர் இல்லை, தின்ன எதுவும் இல்லை. நல்லவேளையாக ஃபோன் கவருக்குள் 200 ரூபாய் மடித்து வைத்திருந்தேன்.

ஜனவரியில் சென்னை மாரத்தான், பிப்ரவரியில் செம்மண் பாதையில் நடக்கும் ஆரோவில் மாரத்தான் என்று ஏதாவது ஒன்றில் முதல் முறையாக முழு தூரம் ஓடலாம் என நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேறு ஊர்க்காரர்கள் இடப்பெயர்களை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

எதற்கு இவ்வளவு தூரம்

மாரத்தான் 42.195 கிலோமீட்டர். புதிதாகப் பயிற்சி எடுப்பவர்கள் பந்தய நாளுக்கு முன் அந்த முழு தூரத்தையும் ஓடிப் பார்க்கத் தேவையில்லை. வாரத்தில் மூன்று நாள் சின்ன ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய ஓட்டம். அந்தப் பெரியதுதான் லாங் ரன். மாரத்தான் பயிற்சியில் வேறு எதை விட்டாலும் சமாளிக்கலாம், இதை விட்டால் சமாளிக்க முடியாது.

காரணம் எளிய கணக்கு. நாம் சாப்பிடும் மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜனாக மாற்றித் தசையிலும் ஈரலிலும் சேமிக்கிறது. மொத்தம் சுமார் 500 கிராம், அதாவது 2,000 கலோரி. ஓடுவதற்கு ஆகும் செலவு, எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிலோமீட்டருக்குத் தோராயமாக 1 கலோரி. 65 கிலோ எடை உள்ளவர் 30 கிலோமீட்டர் ஓடினால் 1,950. முப்பதைத் தாண்டியதும் பலருக்குக் கால் கல்லாகிப்போவதும், 'சுவரில் முட்டிக்கொண்டேன்' என்று ஓட்டக்காரர்கள் சொல்வதும் இங்கேதான்.

கொழுப்பு வேண்டிய அளவு இருக்கிறது, ஒல்லியானவரிடம்கூட. ஆனால் அது மெதுவாக எரியும் விறகு. வேகமாக ஓடினால் உடம்பு அதை ஒதுக்கிவிட்டு மாவுச்சத்தையே இழுக்கும். மெதுவாக, நெடுநேரம் ஓடினால்தான் கொழுப்பின் பங்கு கூடும். வாரா வாரம் இப்படி ஓட ஓட, தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகும், எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகும். இன்னொன்று, மூச்சு ஒன்றிரண்டு மாதத்தில் தேறிவிடும். தசைநாரும் எலும்பும் அப்படி இல்லை, அவை மசமசவென்றுதான் பழகும். புதியவர்களுக்கு அடிபடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். மூச்சு 'போகலாம்' என்கிறது, முட்டி இன்னும் தயாராகவில்லை.

நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் தன்னிடம் வந்தவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆக்லாந்துக்கு அருகே வையடாருவா என்ற மலைப்பாதையில் 22 மைல், அதாவது சுமார் 35 கிலோமீட்டர், ஓடவைத்தார். அந்தக் கூட்டத்தில் பீட்டர் ஸ்நெல்லும் இருந்தார். ஸ்நெல் மாரத்தான்காரர் இல்லை, 800 மீட்டர்காரர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர் 800 மீட்டரிலும், அதே பயிற்சியில் வளர்ந்த மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற பந்தயத்துக்கே அவர் அவ்வளவு ஓடியிருக்கிறார். 42-க்குத் தயாராகும் நாம் ஞாயிற்றுக்கிழமை தூங்கிவிட்டுத் திங்கட்கிழமை சாக்குச் சொல்வது நியாயமில்லை.

யார் ஆரம்பிக்கலாம்

நிற்காமல், அல்லது கொஞ்சம் நடந்து கொஞ்சம் ஓடி, 10 கிலோமீட்டரை முடித்துவிட்டு அன்று முழுவதும் வழக்கமான வேலைகளைப் பார்க்க முடிகிறதா? வாரம் மூன்று நாள் ஓடுகிற பழக்கம் இரண்டு மூன்று மாதமாக இருக்கிறதா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் ஆரம்பிக்கலாம். இல்லையென்றால் இந்த ஆண்டு ஹாஃப் மாரத்தான் ஓடுங்கள், அவசரமில்லை.

நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்தவர்கள் இருப்பவர்கள் எல்லாம் முதலில் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நீண்ட ஓட்ட நாளில் அளவை எப்படி மாற்றுவது என்று கேட்டே தீரவேண்டும்.

எந்த வாரம் எவ்வளவு

பதினாறு வாரம் இருந்தால் வசதி. ஜனவரி முதல் வாரம் பந்தயம் என்றால் செப்டம்பர் நடுவில் ஆரம்பிக்க வேண்டும். நான் பின்பற்றிய கணக்கு இது. முதல் மூன்று ஞாயிறு 12, 14, 16 கிலோமீட்டர். நான்காவது இறங்கி 12. பிறகு 18, 20, 22, மறுபடி இறங்கி 16. அப்புறம் 24, 26, 28, இறங்கி 18. பதின்மூன்றாவது ஞாயிறு 30, தெம்பு இருந்தால் 32. அதற்குப்பின் 20, 12, பந்தயம்.

நாலாவது வாரம் இறங்குவதைப் பார்த்தீர்களா? அதை யாரும் மதிப்பதில்லை. 'போன வாரம் 22 நன்றாகப் போச்சே, இந்த வாரம் 24 போட்டுவிடலாம்' என்று தோன்றும். போடாதீர்கள். உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்வது அந்த இறங்கு வாரத்தில்தான். அதேபோல் பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் 'இன்னும் ஒரு முப்பது ஓடிப் பார்த்துவிடலாம்' என்ற பயம் வரும். தேர்வுக்கு முதல்நாள் ராத்திரி புதுப் பாடம் படிப்பது மாதிரிதான் அது.

தூரத்துக்கு மேலே ஒரு நேர வரம்பும் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றரை மணி நேரம். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 30 நொடி என்றால் அதற்குள் 28 முடியும். 8 நிமிடம் என்றால் 26-தான் முடியும். அட்டவணையில் 30 என்று போட்டிருந்தாலும் மூன்றரை மணியில் நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. வேகமாக ஓடுகிறவர் 30-ஐ இரண்டரை மணியில் முடித்துவிட்டு இட்லி சாப்பிடப் போய்விடுவார். மெதுவாக ஓடும் நாம் அதே 30-க்காக நாலு மணி நேரம் தார் ரோட்டில் காலை இடித்துக்கொண்டிருந்தால், அடுத்த வாரம் முழுவதும் ஓட முடியாமல் போகும். அது லாபமான வியாபாரம் இல்லை.

எவ்வளவு மெதுவாக

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இந்தப் பகுதியாக இருக்கட்டும். நீங்கள் நினைப்பதைவிட மெதுவாக ஓடுங்கள். ஓடிப் பார்த்த பிறகு, அதைவிடவும் மெதுவாக.

எண்ணில் சொன்னால், உங்கள் 10 கிலோமீட்டர் பந்தய வேகத்தோடு கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை கூட்டிக்கொள்ளுங்கள். பத்தை 65 நிமிடத்தில் முடிப்பவர் கிலோமீட்டருக்கு 6:30, அதாவது 6 நிமிடம் 30 நொடியில், ஓடுகிறார். அவருடைய லாங் ரன் 7:30-க்கும் 8:00-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அக்டோபர் புழுக்கத்தில் எட்டைத் தாண்டினாலும் தப்பில்லை. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே ஒழுகும். ஆவியானால்தான் உடம்பு குளிரும். அதனால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கிறது. வாட்சில் இதயத்துடிப்பு பார்ப்பவர்களுக்கு இது கண்கூடாகத் தெரியும்.

வாட்ச் இல்லாவிட்டால் வாய் போதும். பக்கத்தில் ஓடுகிறவரிடம் நேற்று ராத்திரி வீட்டில் என்ன சமையல் என்று முழுசாகச் சொல்ல முடிய வேண்டும். தனியாக ஓடினால் பதினாறாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டு வரிக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். தப்பாகச் சொன்னால் அது வேறு பிரச்சினை.

இதில் கஷ்டம் காலுக்கு இல்லை, மானத்துக்குத்தான். பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு நாள் நான் கிலோமீட்டருக்கு 8:10 வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர், கையில் பால் பாக்கெட்டோடு, வேகநடையில் என்னைத் தாண்டிப் போனார். தாண்டும்போது திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு அதே வேகத்தில் போனேன். அன்றைக்கு 24-ஐ முடித்தபோது இன்னும் நாலு ஓடலாம் போல இருந்தது. லாங் ரன் முடியும்போது அப்படித்தான் இருக்க வேண்டும்.

நடுவில் நடக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தாராளமாக. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் காலோவே, ஓட்டத்தையும் நடையையும் மாற்றி மாற்றிச் செய்யும் முறையைப் பிரபலமாக்கினார். நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று வைத்துக்கொள்ளலாம். களைத்துப்போன பிறகு நடப்பது வேறு. இது முதல் ஐந்தாவது நிமிடத்திலிருந்தே நடப்பது. முதல் பத்து கிலோமீட்டரில் 'எதுக்கு நடக்கணும், நல்லாத்தானே இருக்கு' என்று தோன்றும்போதும் நடந்தால்தான் 25-க்கு மேல் அதன் பலன் தெரியும்.

பாதையும் நேரமும்

நாலரைக்குக் கிளம்பினால் மூன்று மணி நேர ஓட்டம் ஏழரைக்கு முடியும். ஐந்தரைக்குக் கிளம்பினால் கடைசி ஒரு மணி நேரம் வெயிலில். இரண்டும் ஓடிப் பார்த்தவன் சொல்கிறேன், தூக்கம் போனால் போகிறது.

முதல் இரண்டு மாதம் நேர்கோட்டில் போய்த் திரும்பும் பாதை வேண்டாம், சுற்றுப்பாதை எடுங்கள். மெரினாவில் உழைப்பாளர் சிலைக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் நடுவே நடைபாதையில் போய் வரலாம். பெசன்ட் நகர், சாஸ்திரி நகர், திருவான்மியூர் தெருக்களைச் சேர்த்து ஐந்தாறு கிலோமீட்டர் சுற்று போடலாம். அலுப்பாக இருக்கும்தான். ஆனால் ஸ்கூட்டர் டிக்கியில் தண்ணீர், வாழைப்பழம், மாற்றுச் சாக்ஸ் எல்லாம் வைத்துவிட்டு ஒவ்வொரு சுற்றிலும் அதைத் தாண்டிப் போகலாம். உடம்பு சரியில்லை என்றால் எந்த இடத்திலும் வண்டி இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும். ஈசிஆரில் 13 கிலோமீட்டர் போய்விட்டு 'முடியலையே' என்றால் திரும்பவும் 13 இருக்கிறது.

ஈசிஆருக்குக் குழுவோடு போங்கள். சென்னை ரன்னர்ஸ் மாதிரி குழுக்களுக்கு ஏரியா வாரியாகக் கிளைகள் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் புதியவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். இருட்டில் தனியாக ஓட யோசிக்கும் பெண்கள் பலர் இப்படித்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். சேரும்போது "எந்த வேகத்துல போறீங்க?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் எனக்கு ஆட்டோ காசு மிச்சம்.

சாலையில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடுங்கள். இருட்டில் மின்னும் பட்டை போட்ட மேல்சட்டையும் ஒரு சின்ன விளக்கும் கட்டாயம். சனிக்கிழமை இரவு இன்னும் முடியாதவர்கள் ஞாயிறு விடியற்காலையில் வண்டி ஓட்டிக்கொண்டு வருவார்கள். பாட்டுக் கேட்பவர்கள் ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள்.

தெருநாய் வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடந்துவிடுங்கள். கண்ணைப் பார்க்காமல், முதுகைக் காட்டி ஓடாமல், அதன் எல்லையைத் தாண்டும்வரை நடை. பெரும்பாலும் குரைத்துவிட்டு விட்டுவிடும். கடித்துவிட்டால் அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது.

இந்தப் பயிற்சியின் பாதி வடகிழக்குப் பருவமழையில் வரும். சாதாரண மழையில் ஓடலாம், சுகமாகவே இருக்கும். இடி மின்னல் என்றால் ஏதாவது கட்டடத்துக்குள் ஒதுங்குங்கள். தேங்கிய தண்ணீரில் தரை தெரியாவிட்டால் கால் வைக்காதீர்கள், அடியில் மூடி இல்லாத குழி இருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து ஃபேனுக்கு அடியில் வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றினால் மறுநாளைக்குக் காய்ந்துவிடும்.

சனிக்கிழமை

மதியமே நன்றாகச் சாப்பிட்டுவிடுங்கள். ராத்திரி ஏழரைக்குள் சோறும் ரசமும், அல்லது இட்லி, இடியாப்பம் மாதிரி எளிதாகச் செரிப்பது. பிரியாணி, பரோட்டா, கொண்டைக்கடலை எல்லாம் ஞாயிறு மதியத்துக்கு. கல்யாண ரிசப்ஷன் வந்து மாட்டினால் தயிர்சாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சொல்வது சுலபம், தெரியும்.

துணியை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டுப் படுங்கள். பருத்திச் சட்டையும் பருத்திச் சாக்ஸும் வேண்டாம், வியர்வையைக் குடித்துக் கனத்து உரசும். தொடை இடுக்கு, அக்குள், பெண்களுக்கு உள்ளாடையின் பட்டை படும் இடம், கால் விரல் இடுக்கு எல்லாவற்றிலும் வாஸ்லின். ஆண்கள் மார்க்காம்பில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். என் முதல் 22-இல் வெள்ளைச் சட்டையில் இரண்டு சிவப்புக் கோடு இறங்கியிருந்ததை நானே கவனிக்கவில்லை, டீக்கடைக்காரர்தான் பதறிப்போய்ச் சொன்னார். அன்று குளிக்கும்போது போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

ஷூ புதிதாக இருக்கக் கூடாது. வாரநாளில் நாலைந்து முறை போட்டு ஓடியதாக இருக்கட்டும். ஓட ஓடப் பாதம் வீங்கும், அதனால் பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நகத்தை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கறுத்து விழும்.

தண்ணீர், உப்பு, இனிப்பு

காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு வாழைப்பழம், பழக்கம் இருந்தால் காபி. காபி வயிற்றைக் கிளப்பிவிடும் என்பதும் ஒரு வசதிதான், வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்பலாம். நடுவழியில் அவசரம் என்றால் பெட்ரோல் பங்க்தான் கதி. உங்கள் பாதையில் எந்தப் பங்க் அந்த நேரத்தில் திறந்திருக்கும் என்று முன்பே பார்த்து வையுங்கள்.

ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடினால் வழியில் சாப்பிட வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. பசித்த பிறகு சாப்பிட்டால் பலனில்லை, 40-ஆவது நிமிடத்திலேயே ஆரம்பித்துவிட வேண்டும். ஓடும்போது உறிஞ்சிக்கொள்வதற்கென்று கடையில் விற்கும் இனிப்புக் குழம்பு பாக்கெட், அதாவது ஜெல், ஒன்றில் சுமார் 20, 25 கிராம் இருக்கும். விலையைப் பார்த்துவிட்டு நான் வீட்டுச் சரக்குக்கு மாறினேன். ஒரு சின்ன வாழைப்பழம் ஏறக்குறைய 20 கிராம். கொட்டை எடுத்த பேரீச்சை நாலு சேர்ந்தாலும் அதே அளவு வரும்.

கடலைமிட்டாயையும் முயன்று பார்த்தேன். நல்ல தின்பண்டம்தான், ஆனால் 22-ஆவது கிலோமீட்டரில் வாய் உலர்ந்திருக்கும்போது அதைக் கடித்துப் பாருங்கள். பல்லில் ஒட்டிக்கொண்டு, தூள் தொண்டையில் போய், இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, ஒரு கிலோமீட்டர் அப்படியே போனது. அதற்குப்பின் பேரீச்சையை இரண்டாகக் கீறி ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டு எடுத்துப் போகிறேன். வாயின் ஓரத்தில் அடக்கிக்கொண்டால் தானாகக் கரையும்.

குடிக்க நானே கலப்பது, அரை லிட்டர் தண்ணீரில் இரண்டரை மேசைக்கரண்டி சர்க்கரை, அதாவது சுமார் 30 கிராம், இரண்டு சிட்டிகை உப்பு, அரை எலுமிச்சம்பழம். ஒரு மணி நேரத்துக்கான சக்தி இதிலேயே வந்துவிடும். மருந்துக்கடையில் ஓஆர்எஸ் வாங்கினால் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று பாக்கெட்டில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்கி, அதில் சொன்ன அளவு தண்ணீரில் கலக்குங்கள். அது உப்புக்குத்தான் நல்லது. ஒரு லிட்டர் பாக்கெட்டில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், அதை நம்பி 30 கிலோமீட்டர் ஓட முடியாது.

எவ்வளவு குடிப்பது? தாகத்தைக் கேளுங்கள், அப்புறம் தராசைக் கேளுங்கள். ஓடும் முன் துணியில்லாமல் எடை பாருங்கள், வந்ததும் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒருமுறை நான் 68 கிலோவில் கிளம்பி 66.2-இல் வந்தேன். குறைந்தது 1.8, நடுவில் குடித்தது 1 லிட்டர், ஆக மூன்று மணி நேரத்தில் 2.8 லிட்டர் வியர்வை. அவ்வளவையும் ஓடும்போதே குடித்து ஈடுகட்ட வேண்டியதில்லை, வயிறு ஏற்காது. எடையில் ஒன்றரை, இரண்டு கிலோ குறைவது பரவாயில்லை. எடை கூடியிருந்தால்தான் ஆபத்து. வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, மனக்குழப்பம் என்று உயிருக்கே உலை வைக்கும். இதைத் தண்ணீர் பற்றாக்குறை என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பவர்கள் உண்டு.

ஓடும்போது

முதல் மூன்று கிலோமீட்டரை நடையும் ஓட்டமுமாகவே விட்டுவிடலாம். அரைத்தூக்கத்தில் கால் கனக்கும், 'இன்னிக்கு முடியாது போல' என்று தோன்றும். முதல் மூன்றில் தோன்றுவதை நம்பாதீர்கள். பாதித் தூரம் வரை வேலை ஒன்றுதான், வேகத்தைக் கூட்டாமல் இருப்பது.

20-க்கு மேல் தூரத்தைத் துண்டாக்கிக்கொள்ளுங்கள். "இன்னும் பத்து" என்று நினைத்தால் மலைப்பாக இருக்கும். அடுத்த பேருந்து நிறுத்தம், அடுத்த ஆவின் பூத், அடுத்த பேரீச்சை. தோள் காதுவரை ஏறியிருக்கும், இறக்கிவிடுங்கள். முஷ்டி இறுகியிருந்தால் பிரித்துவிடுங்கள். காலை எட்டி வைக்காமல் சின்னச் சின்ன அடியாக வையுங்கள். கடைசி இரண்டு கிலோமீட்டரில் யாரோ வேகமெடுப்பார்கள், அவர்கள் போகட்டும்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு எனக்கு ஒரு பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்த வழி, வலியைத் தொட்டுக் காட்டச் சொல்வது. உள்ளங்கையால் தொடை முழுவதையும் தடவி "இங்கெல்லாம்" என்றால் அது களைப்பு, மெதுவாகப் போகலாம். ஒரு விரலை வைத்து "இங்கேதான்" என்று காட்ட முடிந்தால், அதுவும் ஒவ்வொரு அடிக்கும் கூடிக்கொண்டே போனால், நிறுத்துங்கள். நெஞ்சில் வலி அல்லது அழுத்தம், தலைசுற்றல், அந்தப் புழுக்கத்திலும் மயிர்க்கூச்செறிந்து குளிர்வது, பேச்சு குழறுவது, இவற்றில் எது வந்தாலும் உடனே உட்கார்ந்து உதவி கேளுங்கள், 108-ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது சிலரிடம் வழக்கமாகவே இருக்கிறது. உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரியான மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும். மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்ற நிலை இருந்தால் அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள்.

ஃபோன், கொஞ்சம் பணம், பெயரும் ரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதிய ஒரு சீட்டு, மூன்றும் எப்போதும் உடன் இருக்கட்டும்.

முடிந்த பிறகு

நின்றதும் உட்காராதீர்கள். பத்து நிமிடம் நடங்கள். அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிட வேண்டும், வயிறு ஒத்துழைக்காவிட்டால் முதலில் இளநீரோ உப்புப் போட்ட மோரோ. அதன்பிறகு பொங்கல், இட்லி, இரண்டு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். ஓட்டக்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்து டிபன் சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் மேசைதான் இந்த விளையாட்டின் உண்மையான பரிசு என்று ஒரு கட்சி உண்டு, நானும் அதில் இருக்கிறேன். மூன்றாவது பிளேட் பொங்கலுக்கு மட்டும் யோசியுங்கள்.

மதியம் ஒரு தூக்கம். எழுந்ததும் ஒரு நோட்டில் நாலு வரி எழுதிவையுங்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எங்கே உரசியது, எந்தக் கிலோமீட்டரில் எப்படி இருந்தது. பந்தய நாளில் எதுவும் புதிதாக இருக்கக் கூடாது என்பார்கள். பழையது எது என்று தெரிய இந்த நோட்டுத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை ஓட வேண்டாம், அரை மணி நேரம் நடந்தால் போதும். மாடிப்படி ஏறுவது சுலபமாக இருக்கும், இறங்கும்போதுதான் தொடை நடுங்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குங்கள். ஆபீசில் சிரிப்பார்கள், "என்ன சார் ஆச்சு?" என்பார்கள். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும்.